கடல் தாண்டாத தொலைக்காட்சி

எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு ஒரு சரக்குக் கப்பல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரை கண்ணில் படுவதற்கு முன்பே கப்பல் கரையோடு பேசிவிடும். வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். இதே பெட்டியும் இதே சேனலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் யோகோஹாமாவிலும் பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்திலும் அப்படியே செல்லும். மாலுமியின் சட்டைப்பையில் இருக்கும் செல்போனும் எந்த ஊர்க் கரையை நெருங்கினாலும் அந்த ஊர் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தக் கப்பலின் ஓய்வறையில் ஒரு டிவி மாட்டியிருக்கிறது. டிஷ்ஷை மறந்துவிட்டு, அதில் ஒரு சாதாரண ஆன்டெனாவைச் செருகி உள்ளூர் நிகழ்ச்சி பார்க்க முயன்றால் என்ன ஆகும்? சிங்கப்பூரில் வாங்கிய டிவி அங்கே வசந்தம் சேனலைத் தெளிவாகக் காட்டும். யோகோஹாமாவில் எதையும் காட்டாது. யோகோஹாமாவில் வாங்கியது தென்கொரியாவின் பூசானில் கறுப்புத் திரை. பூசானில் வாங்கியது ஹாங்காங்கில் கறுப்புத் திரை. எல்லாமே டிஜிட்டல், எல்லாமே கோபுரங்களிலிருந்து ஒரே காற்றில் வரும் அலைகள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி "டிவி ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்கும்போது நமக்கு வருகிற தயக்கமும் இதுதான்: அது இங்கே ஓடுமா?

ரேடியோ எங்கும் ஓட, டிவி மட்டும் ஏன் ஓடவில்லை? பதிலில் பாதி எளிது. வேற்று நாட்டுக் கப்பல்கள் நடுக்கடலில் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும், பேசாவிட்டால் மோதும். அதனால் நாடுகள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. தொலைக்காட்சி ஒரு கோபுரத்திலிருந்து சொந்தக் குடிமக்களின் வீட்டுக்குப் போவது. பக்கத்து நாட்டோடு ஒத்துப்போக வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. மீதிப் பாதிதான் சுவையானது. அதில் மின்சாரம் இருக்கிறது, எதிரொலி இருக்கிறது, நிலநடுக்கம் இருக்கிறது, நிறையப் பணமும் இருக்கிறது.

பர்மா பஜார் டிவி ஏன் பேசவில்லை

டிஜிட்டலுக்கு முன்பே இந்தச் சிக்கல் வடசென்னைக்குத் தெரியும். துறைமுகத்தை ஒட்டி ராஜாஜி சாலையில் நீளும் பர்மா பஜாரில் 'ஃபாரின் டிவி' வாங்குவது ஒரு காலத்தில் கௌரவம். விவரம் தெரிந்தவர்கள் விலைக்கு முன்னால் கேட்ட கேள்வி, "மல்ட்டி சிஸ்டமா?" ஹாங்காங்கின் முறைக்கு மட்டும் செய்யப்பட்ட பெட்டி தூர்தர்ஷன் அலையைப் பிடித்தாலும், படம் வண்ணத்தோடு வரும், குரல் வராது, வெறும் இரைச்சல். அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ செய்தது என்றால் வண்ணமும் போய், படமே நிலைகொள்ளாமல் உருளும்.

ஒரு டிவி சேனல் என்பது ஒற்றைக் கோடு அல்ல, அலைவரிசையில் ஒரு பட்டை. பட்டைக்குள் படம் ஓரிடத்திலும் ஒலி சற்றுத் தள்ளியும் உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அந்த இடைவெளி 4.5 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 5.5, ஹாங்காங்கில் 6. வேற்றூர்ப் பெட்டி ஒலி இல்லாத இடத்தில் காதை வைத்துக்கொண்டு இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

இடைவெளி ஏன் வேறுபட்டது என்று தேடிப் போனால் கடைசியில் மின்சார நிலையத்தில் போய் நிற்போம். அமெரிக்காவின் மின்சாரம் நொடிக்கு 60 முறை துடிக்கிறது. ஐரோப்பாவிலும் நம்மிடமும் 50 முறை. ஆரம்பகால டிவியில் படத்தின் துடிப்பும் மின்சாரத்தின் துடிப்பும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டைகள் ஊரும். அதனால் அமெரிக்கா நொடிக்கு 30 படங்கள், படத்துக்கு 525 கோடுகள் என்று வைத்தது. ஐரோப்பா 25 படங்கள், 625 கோடுகள். பெருக்கிப் பாருங்கள்: 15,750, 15,625. நொடிக்கு வரையும் கோடுகள் ஏறக்குறைய சமம்தான். ஆனால் ஐரோப்பியர்கள் ஒவ்வொரு கோட்டிலும் கூடுதல் நுணுக்கத்தை ஏற்றினார்கள். அதற்கு அகலமான பட்டை தேவைப்பட்டது. அமெரிக்காவில் 6 மெகாஹெர்ட்ஸ் பட்டை, ஐரோப்பாவில் 7 அல்லது 8. 50 துடிப்பு மின்சாரம் கொண்ட இந்தியா ஐரோப்பிய வழியில் போனது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது கறுப்பு வெள்ளையில் வந்ததும் அந்த 625 கோடுகள்தான்.

டிஜிட்டல் படத்துக்கும் மின்சாரத் துடிப்புக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் அரை நூற்றாண்டாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்ட பட்டைகளை யாராலும் கலைக்க முடியவில்லை. ஒவ்வொரு நாடும் புதிய டிஜிட்டலைத் தன் பழைய பட்டைக்குள்ளேயே ஊற்றிக்கொண்டது.

நிழல் அடிக்கும் ஊர்

மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்திருந்த காலத்து மனிதர்களுக்கு 'ஷேடோ அடிக்குது' என்ற புகார் நினைவிருக்கும். செய்தி வாசிப்பவருக்கு வலது பக்கத்தில் மங்கலாக இன்னொரு செய்தி வாசிப்பவர் நிற்பார். ஒருவர் மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் ஜன்னலிலிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்துவார்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள நிலப்பட்டை இந்த நிழலுக்கென்றே கட்டிவைத்தது போல இருக்கும். துறைமுகத்தின் கிரேன்கள், அடுக்கிய கன்டெய்னர்கள், மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய்த் தொட்டிகள், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். இரும்பும் கான்கிரீட்டுமாக நிற்கும் ஒவ்வொன்றும் டிவி அலையைத் திருப்பி அனுப்பும்.

ஒரு கணக்கு போடலாம். அடுத்த பகுதியிலும் இதே கணக்கைத் தொடர்வோம். சேப்பாக்கம் பக்கமிருந்து அலை வடக்கே கிளம்பி எர்ணாவூரில் ஒரு வீட்டு ஆன்டெனாவைத் தொடுகிறது. தொட்ட அலை அங்கேயே நிற்காது. இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் வடக்கே போய் ஒரு புகைபோக்கியில் மோதி, அதே ஒன்றரைக் கிலோமீட்டர் திரும்பி வந்து மறுபடியும் அதே ஆன்டெனாவைத் தொடுகிறது. ஆக, இரண்டாவது அலை 3 கிலோமீட்டர் கூடுதலாக நடந்திருக்கிறது. ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில், அதாவது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், 300 மீட்டர் போகும். எனவே எதிரொலி 10 மைக்ரோநொடி தாமதமாக வருகிறது.

பழைய டிவியில் ஒரு கோட்டின் கண்ணுக்குத் தெரியும் பகுதியை வரைய 52 மைக்ரோநொடி ஆகும். பத்து மைக்ரோநொடி என்றால் திரை அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. திரை 40 சென்டிமீட்டர் அகலம் என்றால் நிழல் மனிதர் அசல் மனிதருக்கு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் வலப்பக்கம் நிற்பார். ஒரு ஸ்கேலை எடுத்து நிழலின் தூரத்தை அளந்தால், எதிரொலி எத்தனை மீட்டர் கூடுதலாக நடந்து வந்திருக்கிறது என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் இதை விளையாட்டாகச் செய்தவர்கள் இருந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நிழல் எரிச்சலூட்டியதே தவிர, டிவி பார்ப்பதை நிறுத்தவில்லை. மனித மூளை மங்கல் ஆளை ஒதுக்கிவிட்டு அசல் ஆளைப் பார்த்துக்கொண்டது. டிஜிட்டலில் வருவது எண்கள். ஓர் எண்ணின் மேல் இன்னோர் எண் விழுந்தால் மிஞ்சுவது தப்பான எண்.

வேகமாகப் பேசுவதா, மெதுவாகப் பேசுவதா

ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். பக்கத்து ஸ்பீக்கரின் குரல் முதலில் வரும், தெருக்கோடி ஸ்பீக்கரின் அதே குரல் சற்றுப் பிந்தி வரும். அறிவிப்பாளர் படபடவென்று பேசினால் ஒரு சொல்லும் புரியாது. அவரே ஒவ்வோர் அசையையும் நீட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு கணம் பொறுத்துப் பேசினால், முந்தைய அசையின் எதிரொலி அந்தப் பொறுத்த நேரத்துக்குள் அடங்கிவிடும். எல்லாம் புரியும்.

டிஜிட்டல் ஒளிபரப்பில் நாடுகள் பிரிந்தது இந்த இடத்தில்தான். ஒரு தடவை அனுப்பும் தகவல் துணுக்கை நாமும் 'அசை' என்றே அழைப்போம்.

அமெரிக்கா வேகமாகப் பேசியது. ஏடிஎஸ்சி என்ற அதன் முறையில் ஒரே ஒரு அலை. அதில் நொடிக்கு ஒரு கோடியே ஏழு லட்சத்துக்கும் மேல் அசைகள். நம் எர்ணாவூர் எதிரொலி 10 மைக்ரோநொடி பிந்தி வருகிறதே, அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய அசைகள் வந்து விழுந்திருக்கும். 108ஆவது அசையைக் கேட்கும்போது முதல் அசையின் எதிரொலி அதன் மேல் ஏறும். இதைப் பிரிக்க டிவிக்குள் ஒரு கணக்கு இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த இயந்திரங்கள் திணறின.

ஐரோப்பா மெதுவாகப் பேசியது. மெதுவாகப் பேசினால் தகவல் குறையுமே? அதற்கு ஐரோப்பியர்கள் கண்ட வழி, ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வாய்கள். டிவிபி-டி என்ற அவர்கள் முறையில் ஒரே பட்டைக்குள் 6,817 மெல்லிய அலைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றும் நிதானமாகத் தன் அசையைச் சொல்லும். இவற்றை ஊர்தி அலைகள் என்கிறோம். ஓர் அசையின் நீளம் 896 மைக்ரோநொடி. அசைகளுக்கு நடுவே பொறுக்கும் நேரம்தான் காப்பு இடைவெளி. 28 மைக்ரோநொடி காப்பு வைத்தாலே 8 கிலோமீட்டருக்கும் மேல் கூடுதலாக நடந்து வரும் எதிரொலியை அது விழுங்கிவிடும். எர்ணாவூரின் 3 கிலோமீட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

காப்பு இடைவெளியைப் பெரிதாக்கினால் இன்னொரு வசதி கிடைக்கிறது. 224 மைக்ரோநொடி வைத்தால் 67 கிலோமீட்டர் வரை தாங்கும். அப்போது இரண்டு கோபுரங்கள் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், ஒரே நிகழ்ச்சியை அனுப்பலாம். தூரத்துக் கோபுரத்தின் அலையை டிவி இன்னொரு எதிரொலியாகத்தான் எடுத்துக்கொள்ளும். தொல்லையே உதவியாக மாறும். பழைய முறையில் பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்களுக்கு வெவ்வேறு பட்டை ஒதுக்கியாக வேண்டும். ஆனால் பொறுத்திருக்கும் நேரத்தில் தகவல் போகாது. 224 மைக்ரோநொடி காப்பு மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

டிவிபி-டி2 என்ற அடுத்த தலைமுறை இதைச் சாமர்த்தியமாகக் குறைத்தது. அசையை 3,584 மைக்ரோநொடியாக நீட்டினால், அதே 28 மைக்ரோநொடி காப்புக்கு ஆகும் செலவு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தியாவும் சிங்கப்பூரும் மலேசியாவும் தேர்ந்தெடுத்தது இந்த டி2 முறையைத்தான். அதனால் சிங்கப்பூர்த் தம்பி வாங்கிவரும் டிவி இங்கே ஓடும் வாய்ப்பு உண்டு.

இதற்கும் ஒரு விலை இருக்கிறது. அசையை நீட்ட நீட்ட ஊர்தி அலைகளை நெருக்கி நிறுத்த வேண்டும். நீண்ட அசையில் அவற்றுக்கிடையே 279 ஹெர்ட்ஸ்தான் இடம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் தாண்டி 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, 600 மெகாஹெர்ட்ஸ் அலை அந்த ஓட்டத்தினால் மட்டும் 50 ஹெர்ட்ஸ் நகரும். ஆம்புலன்ஸ் கடந்து போகும்போது சைரனின் சுருதி மாறுகிறதே, அதே விதி. 279இல் 50 நகர்ந்தால் பக்கத்து அலையின் காலை மிதிக்கும். வீட்டு டிவிக்கு நல்ல அமைப்பு ரயிலில் இருக்கும் போனுக்கு ஆகாது. இரண்டையும் ஒன்றாகத் திருப்திப்படுத்தும் அமைப்பு இல்லை. யாரைக் கைவிடுவது என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன.

பால்டிமோர், தைபே, சாவோ பாவ்லோ

1999இல் சின்கிளேர் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் பால்டிமோர் நகரில் இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்துக் காட்டியது. வீட்டுக்குள் வைக்கும் சின்ன ஆன்டெனாவில் ஐரோப்பிய முறை படம் காட்டியது. அமெரிக்க முறை தடுமாறியது. முறையை மாற்ற அனுமதி கேட்டார்கள். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2000இல் மறுத்துவிட்டது. ஆணையத்துக்கும் காரணம் இருந்தது. அமெரிக்காவில் கோபுரங்கள் மிகத் தூரத்துக்குத் தனித்தனியே ஒளிபரப்புபவை. பரந்த சமவெளியில் கூரை ஆன்டெனாவுக்குக் குறைந்த மின்சக்தியில் அதிகத் தொலைவு போக ஒற்றை அலை முறை கொஞ்சம் மேல்.

தைவான் முதலில் அமெரிக்க முறையைத்தான் தேர்ந்தெடுத்தது. நெருக்கமான கட்டடங்கள், நாலாபுறமும் மலைகள். ஒளிபரப்பு நிறுவனங்கள் முரண்டு பிடித்தன. 2001இல் தைவான் ஐரோப்பிய முறைக்கு மாறியது. தென்கொரியாவிலும் அதே சண்டை நடந்தது. ஆனால் அமெரிக்க முறையின் முக்கியக் காப்புரிமைகளை வைத்திருந்த ஜெனித் நிறுவனம் அப்போது கொரியாவின் எல்ஜியிடம் இருந்தது. பல வருட இழுபறிக்குப் பிறகு 2004இல் கொரியா அமெரிக்க முறையிலேயே நின்றது. எதிரொலியை அலசிப் பார்த்தால் போதாது, காப்புரிமைப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சீனா இதே காரணத்துக்காக 2006இல் சொந்தமாக டிடிஎம்பி என்ற முறையை எழுதிக்கொண்டது. ஹாங்காங்கும் அதையே எடுத்துக்கொண்டது.

பிரேசில் செய்தது எனக்குப் பிடித்த வேலை. சாவோ பாவ்லோ நகரில் 1999, 2000 ஆண்டுகளில் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய முறைகள் மூன்றையும் வீதிவீதியாகச் சோதித்தார்கள். அடுக்குமாடிகளுக்கு நடுவே ஜப்பானிய முறை நன்றாக நின்றது. 2006இல் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியே எடுக்காமல், படத்தைச் சுருக்கும் நுட்பத்தைப் புதியதாக்கி, தங்கள் பல்கலைக்கழகங்களில் எழுதிய 'ஜிங்கா' என்ற மென்பொருளைச் சேர்த்தார்கள். தென்னமெரிக்காவின் பெரும்பகுதி பின்னாலேயே வந்தது.

ஜப்பானின் 13 துண்டுகள்

ஐஎஸ்டிபி-டி எனப்படும் ஜப்பானிய முறையும் மெதுவாகப் பேசும் கட்சிதான். ஆனால் அது பட்டையை 13 துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. பன்னிரண்டு துண்டுகளில் வீட்டு டிவிக்கு உயர்தரப் படம். நடுத்துண்டு ஒன்றில் மட்டும், சிறிய படம், கரடுமுரடான சூழ்நிலையையும் தாங்கும் அமைப்பு. ரயிலில் இருக்கும் போன் அந்த ஒற்றைத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். யாரைக் கைவிடுவது என்று மேலே கேட்டோமே, ஜப்பான் ஒருவரையும் முழுதாகக் கைவிடாமல் பங்கு பிரித்தது. 2006 ஏப்ரலில் 'ஒன்செக்' என்ற பெயரில் அது கைபேசிகளுக்கு வந்தது.

நிலநடுக்க நாடு என்பதால் இன்னொன்றையும் சேர்த்தார்கள். அலையின் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரே ஒரு பிட் அவசர எச்சரிக்கைக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது மாறினால், அதற்கேற்பச் செய்யப்பட்ட பெட்டிகள் தூக்கத்திலிருந்து தாமாகவே விழித்துக்கொள்ளும்.

2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் நிலம் நடுங்கியதற்கும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடல் ஏறியதற்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமாக இருந்தது. அந்த நேரத்தில் எந்த அலையும் எந்தப் பெட்டியையும் எழுப்பவில்லை. அதே சுனாமியில் இன்னும் பெரிய அடி வாங்கிய இலங்கை 2014இல் ஜப்பானிய முறையை ஏற்பதாக அறிவித்ததில் இந்த எச்சரிக்கை வசதிக்கும் ஜப்பானின் நிதியுதவிக்கும் பங்கு உண்டு. கொழும்பில் ஒளிபரப்புக்காகச் சீனக் கடனில் எழுந்த தாமரைக் கோபுரம் 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஜப்பானிய முறை, சீனக் கடன். ஒரு தீவின் தொலைக்காட்சித் திட்டத்தில் எத்தனை வெளியுறவுத் துறைகள்!

தமிழ்நாட்டுத் தென்கடற்கரைக்கு இதில் ஒரு சின்ன இழப்பு. எண்பதுகளில் உயரமான கம்பமும் பூஸ்டரும் வைத்து இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சி பார்த்த தலைமுறை அங்கே உண்டு. புள்ளி புள்ளியாக வந்த படத்திலேயே கிரிக்கெட் ஸ்கோரைப் படித்தார்கள். டிஜிட்டலில் புள்ளி கிடையாது. சிக்னல் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் முழுப் படம், அதற்குக் கீழே இறங்கினால் கறுப்பு. அலை தவழ்ந்து பாக் நீரிணையைத் தாண்டி வந்தாலும், டி2 டிவிக்கு அது ஐஎஸ்டிபி மொழியில் இருக்கும்.

சென்னையில் யாரும் செருகாத ஆன்டெனா

2016 பிப்ரவரி 25 முதல் தூர்தர்ஷன் இந்தியாவின் 16 நகரங்களில் டி2 ஒளிபரப்பைத் தொடங்கியது. சென்னையும் அதில் ஒன்று. டிடி நேஷனல், டிடி நியூஸ், டிடி ஸ்போர்ட்ஸ், டிடி பாரதி, மாநில அல்லது கிசான் சேனல் என ஐந்து. சின்ன டாங்கிளைப் போனில் செருகினால் டேட்டா இல்லாமல் பார்க்கலாம் என்றார்கள். எதிரொலியைப் பொறுத்தவரை உலகில் கிடைத்தவற்றுள் வடசென்னைக்குப் பொருத்தமான முறைகளில் ஒன்று அது. தண்டையார்பேட்டையில் போய்க் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று.

பொறியியலில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. வீட்டுக்குள் பார்த்தால் காரணம் தெரியும். தொண்ணூறுகளில் சன் டிவி போன்ற சேனல்கள் வந்ததும் வடசென்னையின் மாடிகளில் ஆன்டெனாக்கள் துணி காயவைக்கும் கம்பிகளாயின. தெருவுக்குத் தெரு கேபிள்காரர் வந்தார். 2003 செப்டம்பர் 1 அன்று, கட்டணச் சேனலுக்கு செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்ற காஸ் முறை, அறிவிக்கப்பட்ட நான்கு பெருநகரங்களில் சென்னையில் மட்டும் அமலுக்கு வந்தது. 2006 முதல் தமிழக அரசு வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் எல்லாம் அனலாக் பெட்டிகள். அவற்றின் பின்னால் போனது கேபிள் கம்பிதான். அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது காற்றில் இலவசமாக வரும் ஐந்து சேனலுக்காக யார் மாடியேறுவார்கள்?

பெர்லினோடு ஒப்பிட்டால் இது புரியும். உலகிலேயே முதலில், 2003 ஆகஸ்டில், அனலாக் கோபுரத்தை அணைத்த நகரப் பகுதி பெர்லின். அங்கும் பெரும்பாலானவை கேபிள் வீடுகள்; அணைப்பது அதனால்தான் எளிதாக இருந்தது. ஆனால் அங்கே அரசு, தனியார் இரண்டு தரப்பும் கோபுரத்தில் ஏறின, சேனல்கள் இருபதைத் தாண்டின. பிரிட்டனில் கட்டண டிஜிட்டல் ஒளிபரப்பு 2002இல் திவாலாகி விழுந்த பிறகு, அதே அலைகளில் அதே வருடம் 'ஃப்ரீவியூ' என்று இலவசமாகக் கொடுத்துத்தான் ஆன்டெனாவைக் காப்பாற்றினார்கள். இந்தியாவில் தரைவழித் தொலைக்காட்சி, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கு மட்டுமே உரியது. தனியாருக்கும் திறந்துவிடலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 ஜனவரியில் பரிந்துரைத்தது. கோபுரத்தில் தனியார் ஏறவில்லை.

இன்னொரு வேறுபாடு பெட்டிக்குள் இருக்கிறது. அமெரிக்கா 2007 மார்ச் முதல் விற்கும் எல்லா டிவியிலும் டிஜிட்டல் ட்யூனர் கட்டாயம் என்றது. பழைய டிவி வைத்திருந்தவர்களுக்கு வீட்டுக்கு இரண்டு 40 டாலர் கூப்பன் கொடுத்தது. அப்படியும் மக்கள் தயாராகவில்லை என்று 2009 பிப்ரவரியில் அணைக்க வேண்டியதை ஜூன் 12க்குத் தள்ளியது. சிங்கப்பூர் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகவே பெட்டி கொடுத்துவிட்டு, 2019 தொடங்கும்போது அனலாக்கை மூடியது. நம் கடைகளில் சில மாடல்களில் டி2 ட்யூனர் இருந்தது, பலவற்றில் இல்லை, விற்பவருக்கே தெரியாது. ட்யூனர் பற்றி இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஒரு தரம் வெளியிட்டபோது, அதுவும் செயற்கைக்கோள் ட்யூனருக்காகத்தான். 2022 மார்ச்சுக்குள் எல்லைப்புறம் போன்ற ஐம்பது இடங்கள் நீங்கலாக அனலாக் கோபுரங்களை அணைக்கத் தூர்தர்ஷன் முடிவெடுத்தபோது பெரிய எதிர்ப்பு எழவில்லை. பார்ப்பவர்கள் எப்போதோ கம்பிக்கும் டிஷ்ஷுக்கும் மாறியிருந்தார்கள்.

மறுபடியும் கோபுரம், இந்த முறை போனுக்கு

வேடிக்கை என்னவென்றால், வேகமாகப் பேசிய அமெரிக்காவே கடைசியில் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டது. ஏடிஎஸ்சி 3.0 என்ற அதன் புதிய தலைமுறை ஆயிரக்கணக்கான ஊர்தி அலைகளில் பேசுகிறது. வீட்டு டிவிக்கு ஓர் அமைப்பும் நகரும் போனுக்கு இன்னோர் அமைப்பும் ஒரே பட்டைக்குள் வைக்க முடியும். பழைய அமெரிக்க டிவிகளுக்கு அது புரியாது. 2017 மே மாதம் உலகிலேயே முதலில் அதை முறையாக ஒளிபரப்பியது தென்கொரியா.

அந்த முறையின் அடிப்படையில்தான் இந்தியா 'டி2எம்' என்பதைச் சோதிக்கிறது: கோபுரத்திலிருந்து நேரே கைபேசிக்கு, சிம்மும் டேட்டாவும் இல்லாமல். கான்பூர் ஐஐடியும் பெங்களூரின் சாங்க்யா லேப்ஸும் இதில் முன்னோடிகள். 19 நகரங்களில் முன்னோட்டம் நடத்தப்போவதாகவும் 470–582 மெகாஹெர்ட்ஸ் பட்டையை இதற்கு ஒதுக்கக் கேட்கப்போவதாகவும் 2024 ஜனவரியில் ஒன்றிய அரசு சொன்னது. பத்தாயிரம் பேர் ஒரே கிரிக்கெட் போட்டியைப் பார்க்கும்போது செல்போன் கோபுரம் பத்தாயிரம் தடவை அனுப்புகிறது. ஒளிபரப்புக் கோபுரம் ஒரு தடவை அனுப்பினால் போதும். 150 மீட்டர் உயரக் கோபுரத்தின் அலை நேர்கோட்டுப் பார்வையில் 50 கிலோமீட்டர் எட்டும் என்பதால், கரையோர செல்போன் சிக்னல் அறுந்துபோகும் கடலிலும் அது கிடைக்கும்.

முட்டுக்கட்டை இந்த முறையும் வாங்கும் பெட்டியில்தான். கைபேசித் தயாரிப்பாளர்களில் பலர் இதை எதிர்க்கிறார்கள்: கூடுதல் சில்லு, கூடுதல் விலை, கூடுதல் மின்கலச் செலவு. இதில் இயற்பியலும் கொஞ்சம் அவர்கள் பக்கம் பேசுகிறது. 500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 சென்டிமீட்டர். அதை நன்றாகப் பிடிக்கும் ஆன்டெனா அதில் கால் பங்காவது, அதாவது 15 சென்டிமீட்டர், இருக்க வேண்டும். போன் முழுக்கவே அவ்வளவுதான் நீளம். அதற்குள் ஏற்கெனவே நாலைந்து ஆன்டெனாக்கள் இடத்துக்குச் சண்டை போடுகின்றன. ஜப்பானின் ஒன்செக் போன்கள் பலவற்றில் இழுத்து நீட்டும் கம்பி இருந்தது இதனால்தான். இங்கே அந்தக் கம்பி போனுக்குள் போகுமா, ஹெட்போன் வயரை ஆன்டெனாவாக்குவார்களா, இல்லை 2016இன் டாங்கிள் மறுபடியும் வருமா என்பதும், அதன் விலையை வாங்குபவர் கொடுப்பாரா அரசு கொடுக்குமா என்பதும் முடிவான பிறகுதான் கோபுரத்துக்கு வேலை.